மூன்றுக்கு ஒன்று

குவீன் இசைக்குழுவின் முன்னணிப் பாடகர் ஃபிரெடி மெர்க்குரியின் குரலைப் பற்றி ரசிகர்களிடம் இரண்டு கதைகள் புழங்குகின்றன. அவர் நான்கு ஸ்தாயி பாடக்கூடியவர் என்பது ஒன்று. வாயின் பின்பக்கத்தில் கூடுதலாக முளைத்திருந்த நான்கு பற்கள்தான் அந்தக் குரலுக்குக் காரணம் என்பது மற்றொன்று. இரண்டாவது கதையை அவரே நம்பினார். அந்தப் பற்கள் தள்ளியதில் முன்பற்கள் துருத்திக்கொண்டிருந்தன. அதில் கூச்சம் இருந்தும், குரல் மாறிவிடும் என்ற பயத்தில் அவற்றைக் கடைசிவரை சீர்செய்துகொள்ளவில்லை.

அவர் இறந்து ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்து, 2016-ல், ஆஸ்திரியக் குரலியல் ஆய்வாளர் கிறிஸ்டியன் ஹெர்ப்ஸ்ட்டும் ஸ்வீடனைச் சேர்ந்த மூவரும் இந்தக் குரலை அளந்து பார்த்துக் கட்டுரை வெளியிட்டார்கள். பாட்டுக்கு முன்னால் பேச்சை எடுத்துக்கொண்டார்கள். மெர்க்குரி கொடுத்த ஆறு பேட்டிகளில் அவருடைய சாதாரணப் பேச்சுக்குரலின் அதிர்வெண்ணைக் கணக்கிட்டபோது, நடு அளவு நொடிக்கு 117.3 என்று வந்தது. அதாவது, பேசும்போது அவருடைய குரல்நாண்கள் நொடிக்கு 117 முறை திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஆண்குரல்களை மேற்கத்திய இசை மேல், நடு, கீழ் என்று பிரிக்கும். மேலே பாடுபவர் டெனர், நடுவில் பாரிடோன். இந்த அளவு பாரிடோனுக்குப் பொருந்துவது. உச்சத்தில் பாடியே பெயர் வாங்கிய மனிதரின் பிறவிக்குரல் நடுத்தரக் குரல்!

நான்கு ஸ்தாயிக் கதையும் அளவில் சுருங்கிப்போனது. ஸ்தாயிக்கு 12 அரைச்சுரம் வீதம், நான்குக்கு 48 வேண்டும். ஆராய்ந்த பதிவுகளில் கிடைத்தது 37. மூன்று ஸ்தாயிக்கு மேல் ஒரு படி. அதற்கு மேல் அவரால் முடியாது என்று இது நிரூபித்துவிடவில்லை, முடியும் என்பதற்குத் தடயம் இல்லை, அவ்வளவுதான். மூன்று ஸ்தாயி நல்ல வீச்சுதான், ஆனால் உலக அதிசயம் அல்ல. இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடலாம். 1975-ல் வந்த ‘போஹீமியன் ராப்சடி’யின் நடுவில் வரும் நாடகப்பாணிக் கோரஸை மூன்று பேர் மட்டுமே திரும்பத் திரும்பப் பாடி, 24 தட நாடாவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்தார்கள். நாடா தேய்ந்து, தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் தெரியும் அளவுக்கு ஆகிவிட்டதாம். அதில் கீழ்ச்சுரங்களைப் பாடியவர் கிதார் கலைஞர் பிரையன் மே. உச்சத்தில் கிறீச்சிட்டுக் கேட்பது டிரம்ஸ் வாசித்த ரோஜர் டெய்லர். மெர்க்குரியின் பங்கு நடு. அந்தப் பகுதியின் ஆக உயரமான சுரத்தை அவர் கணக்கில் எழுதிக் கைதட்டியவர்கள் எத்தனையோ பேர்.

அப்படியானால் அந்தக் குரலில் என்னதான் இருந்தது? ஆய்வின் சுவையான பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்கும் மேற்கத்தியப் பாடகரின் குரல் லேசாக ஏறி இறங்கி அலையும். இதை வைப்ரேட்டோ என்பார்கள். தொண்டையில் குரல்நாண்களை இழுக்கும் தசைகளும் தளர்த்தும் தசைகளும் இருக்கின்றன. அவற்றுக்கு இடையே நடக்கும் மெல்லிய இழுபறியில் பிறப்பது இந்த அலைவு. தேர்ந்த பாடகர்களிடம் இது நொடிக்கு ஐந்தரை, ஆறு முறை, சீராக நடக்கும். வாத்தியம் இல்லாமல் குரல் மட்டும் ஒலிக்கும் 21 பதிவுகளிலிருந்து 240 நீள் சுரங்களை எடுத்து அளந்ததில், மெர்க்குரிக்குச் சராசரி 7.0 வந்தது. நரம்புக் கோளாறில் குரல் நடுங்குபவர்களிடம் காணும் வேகத்தை இது தொடுகிறது. வேகம்கூடப் பெரிதல்ல, அந்த அலைவு சீராகவும் இல்லை. அலைக்கு அலை மாறுகிறது. ஓப்பரா ஆசிரியர் எவரும் முதல் வகுப்பிலேயே திருத்தியிருக்கக்கூடிய குறை இது. காதில் விழும்போது குறையாகவா தெரிகிறது? அடக்கிவைத்த ஏதோ ஒன்று உடைத்துக்கொண்டு வரப்போகிறது என்ற பதற்றம்தான் தெரிகிறது. ஒரே சுரத்தை நொடிக்கணக்கில் பிடித்தாலும் அலுக்காததற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம்.

அடுத்தது கரகரப்பு. உச்சக் கட்டங்களில் அவர் குரல் சட்டென்று முரடாகி உறுமும். தொண்டைக்குள் என்ன நடந்தது என்று பார்க்கத் தொண்டை இல்லை. ஆய்வாளர்கள் குறுக்குவழி ஒன்று கண்டார்கள். கட்டுரை எழுதிய நால்வரில் ஒருவரான டேனியல் சாங்கர் போர்க் தொழில்முறை ராக் பாடகர். அவர் அந்த உறுமலைப் போலவே பாடிக்காட்ட, தொண்டைக்குள் செலுத்திய உள்நோக்கிக் கருவி நொடிக்கு 4,132 படங்கள் எடுத்தது.

குரல்நாண்களுக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடி மடிப்புகள் நம் எல்லோருக்கும் உண்டு, போலிக் குரல்நாண்கள். பேசும்போதும் பாடும்போதும் இவை பொதுவாக ஒதுங்கியே நிற்கும். விழுங்கும்போது மூச்சுக்குழலுக்குள் எதுவும் போகாமல் காப்பதும், பாரம் தூக்கும்போது மூச்சை அடைத்துப் பிடிப்பதும்தான் இவற்றின் வேலை. படத்தில் இவையும் அதிர்ந்தன, அதுவும் தாளம் தப்பாமல். குரல்நாண்கள் மூன்று முறை அதிரும்போது மேல்மடிப்பு சரியாக ஒரு முறை. மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் இரண்டும் பூட்டிக்கொண்டிருந்தன. அதனால் மூன்று துடிப்புக்கு ஒரு முறை ஒலியின் வடிவம் திரும்புகிறது. பாடும் சுரத்தின் மூன்றில் ஒரு பங்கு அதிர்வெண்ணில் இன்னொரு ஒலி அடியில் சேர்கிறது. நாம் உறுமல் என்று கேட்பது அதைத்தான். துவா மக்களின் தொண்டைப் பாட்டிலும் திபெத்தியத் துறவிகளின் மந்திர ஓதலிலும் ஆழமாக ஒலிக்கும் அந்தக் கீழ்க்குரலுக்குப் பின்னால் இருப்பவையும் இந்த மடிப்புகளே. ஒன்றை மறக்கக் கூடாது: படத்தில் இருப்பது போர்க்கின் தொண்டை. ஒலி ஒத்துப்போவதை வைத்து, மெர்க்குரியும் இப்படித்தான் செய்திருப்பார் என்று ஊகிக்கிறோம்.

பற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாயின் வடிவம் குரலின் நிறத்தை மாற்றும், அது உண்மை. ஆனால் நொடிக்கு ஏழு அலைவையும் இந்த உறுமலையும் உண்டாக்குவது குரல்வளை. பற்களுக்கு அதில் வேலை இல்லை.

இந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் 1946 செப்டம்பர் 5 அன்று சான்சிபார் தீவில் பார்சி குடும்பத்தில் பிறந்தார். பெயர் ஃபாரோக் புல்சாரா. தந்தைக்கு அங்கே பிரிட்டிஷ் அரசில் காசாளர் வேலை. எட்டு வயதில் பையனை மகாராஷ்டிரத்தில் பஞ்ச்கனி மலையூரில் உள்ள உறைவிடப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே பியானோ கற்றார். நண்பர்களோடு ‘ஹெக்டிக்ஸ்’ என்று ஒரு குழு வைத்தார். அதில் பியானோதான் அவர் பொறுப்பு, முன்னணிப் பாடகர் வேறொருவர். 1964-ல் சான்சிபாரில் புரட்சி வெடிக்க, குடும்பம் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்துப் பகுதிக்கு ஓடிவந்தது. அந்த விமான நிலையத்தில் பெட்டி தூக்கினார், ஈலிங் கலைக்கல்லூரியில் வரைகலை படித்தார், டெய்லரோடு கென்சிங்டன் சந்தையில் பழைய துணி விற்றார். 1970-ல் குவீன் உருவானது. குழுவின் சின்னத்தை வரைந்தவரும் அவரே.

உச்சத்திலும் உறுமலிலுமாக ஓட்டப்பட்ட தொண்டை சும்மா இருக்குமா? உள்ளங்கையில் காய்ப்பு ஏறுவதுபோல, நாண்கள் மோதிக்கொள்ளும் இடத்தில் முடிச்சுகள் விழுந்தன. போதாததற்குச் சிகரெட்டும் பிடித்தார். அறுவை சிகிச்சைக்கு ஒப்பவில்லை. மேடையில் உயர்சுரங்களை அடிக்கடி இறக்கிப் பாடிச் சமாளித்தார். 1985 ஜூலை 13 அன்று வெம்ப்ளியில் நடந்த ‘லைவ் எய்ட்’ நிகழ்ச்சியில் குவீனுக்குக் கிடைத்தது சுமார் 20 நிமிடம். எழுபதாயிரம் பேருக்கு மேல் இருந்த மைதானத்தில் அவர் ஒரு சுரக்கோவையை வீச, கூட்டம் அதைத் திருப்பிப் பாடியது. எந்தச் சுரத்தை எங்கே இறக்கினார் என்று யாரும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

1987-ல் அவருக்கு எய்ட்ஸ் என்று உறுதியானது. கூட்டுமருந்துச் சிகிச்சை பரவலாகி உயிர்களைக் காப்பாற்றத் தொடங்கியது 1996 வாக்கில். அவர் 1991 நவம்பர் 24-ல், 45 வயதில், இறந்துவிட்டார். நோயைப் பற்றி வெளியே அறிவித்தது அதற்கு முந்தைய நாள்.

நோய் தெரியவந்த அதே 1987-ல்தான் ஸ்பெயினின் ஓப்பராப் பாடகி மொன்செராட் கபாயேவோடு சேர்ந்து பாடத் தொடங்கினார். அவர்களுடைய ‘பார்சிலோனா’ தொகுப்பு மறு ஆண்டு வெளிவந்தது. பேட்டி நாடாவும் கணினியும் இல்லாமலே கபாயேயின் காது அவரைப் பாரிடோன் என்று இனம் கண்டிருந்தது. உன் சொந்தக் குரலில் வா, பாரிடோனும் சோப்ரானோ என்ற பெண் உச்சக்குரலுமாக ஒரு சின்ன இரட்டைப்பாடல் பாடுவோம் என்று அழைத்ததாகப் பிற்பாடு அவர் சொன்னார். மெர்க்குரி மறுத்துவிட்டாராம். அந்தக் குரலில் பாடினால், பாடுவது யாரென்றே தன் ரசிகர்களுக்குத் தெரியாது என்பது அவர் சொன்ன காரணம்.