கை விழுந்ததா? உடனே கடிகாரத்தைப் பாருங்கள்!

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில் என்று நீண்டு கிடக்கும் வீடுகள். ஒரு காலத்தில் வளவு நிறையப் பிள்ளைகள் ஓடி விளையாடிய வீடுகள் பலவற்றில் இன்றைக்கு இருப்பது ஒரு ஐயாவும் ஒரு ஆச்சியும்தான். பிள்ளைகள் சென்னையில், சிங்கப்பூரில், அமெரிக்காவில். அப்படி ஒரு வீட்டில், ஒரு நாள் காலை, ஐயாவின் கையிலிருந்து காபி டம்ளர் நழுவுகிறது; வாய் ஒரு பக்கம் இழுத்துக் கொள்கிறது என்று வைத்துக் கொள்வோம். என்ன நடக்கும்?

“ராத்திரி சரியாத் தூங்கலை, அதான். கொஞ்சம் படுத்தா சரியாயிடும்.”

“வாயுவா இருக்கும். பெருங்காயம் போட்டு மோர் குடுங்க ஆச்சி.”

“தம்பிக்குப் போன் போட்டு, அவன் என்ன சொல்றான்னு கேட்டுக்கிட்டுப் போவோம்.”

“புறா ரத்தம் தடவினா விழுந்த கை எழுந்துடும்னு சொல்வாங்களே!”

சொல்கிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான். ஆனால் இத்தனை யோசனையும் முடிந்து கார் வந்து நிற்கும்போது மத்தியானம் ஆகிவிடும். அந்த அரை நாளில்தான் அவர் இனி தன் கையால் சாப்பிடுவாரா, பிறர் ஊட்ட வேண்டுமா என்பது தீர்மானமாகிறது.

மூளைக்குள் நடப்பது என்ன?

பக்கவாதம் கையிலோ காலிலோ வருகிற வியாதி அல்ல, மூளையில் வருவது. பெரும்பாலானவர்களுக்கு, அதாவது ஐந்தில் நாலு பேருக்கு, மூளைக்குப் போகும் ரத்தக் குழாயை ஒரு ரத்தக்கட்டி அடைத்துக் கொள்கிறது. மற்றவர்களுக்குக் குழாய் வெடித்து ரத்தம் கசிகிறது. வெளியே இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். சி.டி. ஸ்கேன் எடுக்காமல் எந்தப் பெரிய டாக்டராலும் இது அடைப்பா, கசிவா என்று அடித்துச் சொல்ல முடியாது.

பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் நிமிஷத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று 2006-இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். தோட்டத்துக்குப் போகும் வாய்க்கால் அடைத்துக்கொண்ட மாதிரிதான். அடைப்பைச் சீக்கிரம் எடுத்தால் வாடின பயிர் தலை நிமிரும். காய்ந்து கருகின பிறகு தண்ணீர் விட்டுப் பயன் இல்லை.

1984 அக்டோபரில் எம்.ஜி.ஆருக்குச் சிறுநீரகக் கோளாறோடு பக்கவாதமும் வந்தது. அமெரிக்கா வரை கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் பழைய பேச்சு அவருக்குத் திரும்பவில்லை. அன்றைக்கு அடைப்பைக் கரைக்கிற வைத்தியம் யார் கையிலும் இல்லை. 1995-இல்தான் அமெரிக்காவில் 624 நோயாளிகளை வைத்து நடந்த ஆராய்ச்சி, கட்டியைக் கரைக்கும் ஊசியை 3 மணி நேரத்துக்குள் போட்டால், ஊனம் இல்லாமலோ லேசான ஊனத்தோடோ தேறுகிற வாய்ப்பு 30 சதவிகிதமாவது கூடுகிறது என்று காட்டியது. 2008-இல் இன்னொரு ஆராய்ச்சி அந்தக் கெடுவை நாலரை மணி நேரமாக நீட்டியது. ஊசியால் சிலருக்கு மூளையில் ரத்தம் கசிகிற ஆபத்தும் உண்டு. அதனால்தான் ஸ்கேன் பார்த்து, ஆளைத் தேர்ந்தெடுத்துப் போடுகிறார்கள்.

பெரிய குழாய் அடைப்புக்கு இன்னொரு வழியும் வந்திருக்கிறது. தொடை வழியாக மெல்லிய குழாயை மூளை வரை செலுத்தி, கட்டியையே இழுத்து வெளியே எடுத்துவிடுவது. ஹாலந்தில் 500 பேரிடம் செய்து 2015-இல் வெளியிட்ட சோதனையில், தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் அளவுக்குத் தேறியவர்கள் இந்த வைத்தியத்தில் நூற்றுக்கு 33 பேர். இல்லாதவர்களில் 19 பேர். சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட இது பலன் தரும் என்று 2018-இல் தெரிந்தது. “அப்ப மெதுவாப் போனாப் போதுமே” என்று நினைத்துவிடாதீர்கள். யாருக்கு அந்த அவகாசம் உண்டு என்பதையும் ஸ்கேன்தான் சொல்லும்.

அந்த நேரத்தில் நாம் செய்ய வேண்டியது

சிரிக்கச் சொல்லுங்கள், முகம் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று தாழ்கிறதா? பேசச் சொல்லுங்கள், குழறுகிறதா? திடீரென்று கண் தெரியாமல் போவதும், நிற்க முடியாமல் தள்ளாடுவதும்கூட இதன் அறிகுறிதான். இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே கடிகாரத்தைப் பாருங்கள். ‘கடைசியாக அவர் நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு?’ இதுதான் ஆஸ்பத்திரியில் கேட்கும் முதல் கேள்வி. தூங்கி எழும்போதே கை வரவில்லையா? ராத்திரி படுத்த நேரத்தைச் சொல்லுங்கள். ‘நேரம் தாண்டிப் போச்சு’ என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது.

108-ஐக் கூப்பிடுங்கள். “கை கால் விழுந்துடுச்சு, பேச்சு குழறுது, ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போகணும்” என்று சொல்லுங்கள். காரைக்குடியிலிருந்து மதுரை சுமார் 90 கிலோமீட்டர். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி அதைவிடக் கிட்ட இருக்கிறது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஸ்கேனும் கட்டி கரைக்கும் ஊசியும் எந்த ஆஸ்பத்திரியில் ராப்பகலாகக் கிடைக்கும் என்பதை இன்றைக்கே, எல்லாரும் நன்றாக இருக்கும்போதே, விசாரித்துக் காலண்டருக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டி வையுங்கள்.

வாயில் எதுவும் விடாதீர்கள். காபி, மோர், சோடா, தண்ணீர் எதுவும் வேண்டாம். விழுங்கும் சக்தி போயிருந்தால் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ஆஸ்பிரின் மாத்திரையும் கூடாது. கசிவாக இருந்தால் ஆபத்து. அவர் சாப்பிடும் மாத்திரைச் சீட்டுகளைக் கையோடு எடுத்துப் போங்கள். பிள்ளைகளுக்குப் போனை ஆம்புலன்சில் ஏறின பிறகு செய்யலாம்.

“அஞ்சு நிமிஷம் கை மரத்துப் போச்சு, அப்புறம் தானே சரியாயிட்டுது” என்பவர்களும் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். அது முன்னெச்சரிக்கை. ஆக்ஸ்போர்டில் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இப்படி லேசாக வந்து போனவர்களுக்கு உடனுக்குடன் வைத்தியம் ஆரம்பித்தபோது, மூன்று மாதத்துக்குள் மறுபடி தாக்கப்பட்டவர்கள் நூற்றுக்கு 10 பேரிலிருந்து 2 பேராகக் குறைந்தார்கள்.

வராமல் தடுக்க முடியுமா?

பெருமளவுக்கு முடியும். 32 நாடுகளில் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, பக்கவாதத்தில் பத்தில் ஒன்பது பங்கு, நாம் மாற்றிக்கொள்ளக்கூடிய பத்துக் காரணங்களால் வருகிறது என்றது. முதல் காரணம் ரத்தக் கொதிப்பு. தமிழ்நாட்டில் 2020-இல் எடுத்த கணக்கெடுப்பில் மூன்றில் ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது. அவர்களில் அதைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு 7 பேர்தான்! “தலைசுத்தல் இல்லை, நல்லாத்தானே இருக்கேன்” என்று மாத்திரையை நிறுத்துவதுதான் பெரிய தப்பு. பிரஷர் சத்தம் போடாமல் ஏறும்.

அடுத்தது நம் அடுக்களை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்புக்கண்டம், ஊறுகாய், மோர் மிளகாய், அப்பளம் என்று இலையில் வரிசையாக வைத்தால் கணக்கு எங்கே நிற்கும்? தினம் வேண்டாம், விருந்துக்கு ஒன்று போதும். சீனாவில் 600 கிராமங்களில், சாதா உப்புக்குப் பதிலாக, கால் பங்கு பொட்டாசியம் உப்பு கலந்ததைக் கொடுத்தார்கள். பக்கவாதம் 14 சதவிகிதம் குறைந்தது என்று 2021-இல் அறிவித்தார்கள். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் இந்த உப்பை வாங்கக் கூடாது.

பார்த்துக்கொள்கிறவளை யார் பார்ப்பது?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு கை காலை நீவி, நடத்தி, குளிப்பாட்டி, ஊட்டி விடுவது யார்? மனைவி, மகள், மருமகள்தான். “வீட்டு மனுஷங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாலே பயிற்சிக்குப் போதுமா?” என்று நம் நாட்டிலேயே 14 ஆஸ்பத்திரிகளில், 1,250 நோயாளிகளை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். 2017-இல் வந்த முடிவு: ஆறு மாதம் கழித்து, வீட்டார் பயிற்சி கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. வீட்டுப் பெண்ணின் அன்பு வீண் என்று இதற்கு அர்த்தம் அல்ல. பயிற்சியாளர் செய்ய வேண்டிய வேலையை அவள் தலையில் கட்டிவிட்டு, ‘நீ சரியாச் செய்யலை, அதான் எழுந்திருக்கலை’ என்று குற்றம் சொல்லக் கூடாது என்றுதான் அர்த்தம்.

2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு பிசியோதெரபி பயிற்சியும் வீடு தேடி வர ஏற்பாடு செய்தார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள். பகலில் இரண்டு மணி நேரமாவது வேறொருவர் கூட இருக்கும்படி செய்துகொண்டு நீங்கள் படுத்து எழுந்திருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும் ஆச்சிமார்களே! வீட்டில் எல்லாருக்கும் மாத்திரையை எடுத்து வைத்துவிட்டுத் தன் பிரஷரை மட்டும் பார்த்துக்கொள்ளாதவர்கள் நம்மில் நிறையப் பேர். அடுத்த தடவை அவரை டாக்டரிடம் அழைத்துப் போகும்போது உங்கள் கையையும் நீட்டி, “எனக்கும் பாருங்க” என்று சொல்லுங்கள்.