ஊசி கண்ணுக்குள்ளே போகாதுங்க ஆத்தா!

செருப்பைக் கழற்றியாச்சு, தலையில் பச்சைத் தொப்பி மாட்டியாச்சு, மாஸ்க்கும் போட்டாச்சு. சேலத்தில் ஒரு கண் மருத்துவமனை. ஆபரேஷன் தியேட்டர் பக்கம் எட்டிப் பார்க்க அனுமதி கிடைத்துவிட்டது! இந்தக் கதவு வரைக்கும்தான் மகனும் மருமகளும் வரலாம். அதற்குள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே காத்திருப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. வாங்க, சத்தம் போடாமல் கூடவே வாங்க.

எல்லாரும் ஆசைப்படுவது தியேட்டரைப் பார்க்க. நான் போய் ஒட்டிக்கொண்டது அதற்கு முந்தைய அறையில். 'பிளாக் ரூம்' என்கிறார்கள். கண்ணை மரத்துப்போகச் செய்கிற இடம். கண்புரை ஆபரேஷனுக்குப் பெரும்பாலும் ஆளை மயக்கித் தூங்கவைப்பதில்லை. கண்ணுக்கு மட்டும்தான் மரப்பு. ஆள் முழு விழிப்போடு படுத்திருப்பார். அதனால்தான் இந்த அறையில் இவ்வளவு பேச்சு!

சுவரோரம் நீள பெஞ்ச். ஓமலூர், ராசிபுரம், ஆத்தூர், பரமத்தி வேலூர் என்று விடியுமுன்னே கிளம்பி வந்தவர்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி பச்சை அங்கி. எந்தக் கண்ணில் ஆபரேஷனோ அந்தப் புருவத்துக்கு மேலே ஒரு துண்டு பிளாஸ்திரி. கழற்ற வராத மூக்குத்தி மேலேயும் ஒரு பிளாஸ்திரி! மூலையில் பெயர் எழுதிய பைகள். ஒன்றிலிருந்து வெற்றிலைக் காம்பு எட்டிப் பார்க்கிறது. கண்மணியை விரிக்கிற சொட்டு மருந்தோடு ஒரு சிஸ்டர் வரிசையாக வருகிறார். "தலையைச் சாச்சுக்கோங்க, கண்ணைக் கசக்காதீங்க." இதையே அவர் காலையிலிருந்து எத்தனை தடவை சொன்னாரோ, குரலில் சலிப்பே இல்லை.

"ஏனுங்க சிஸ்டர், ஊசி கண்ணுக்குள்ள குத்துவாங்களா?" ராசிபுரத்து ஆத்தா கேட்டார். பெஞ்ச் மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டது. "கண்ணுக்குள்ள போகாதுங்க ஆத்தா. கீழ் இமை ஓரமா, கண்ணுக்குப் பக்கத்துல போகும். மருந்து தானாப் பரவிக்கும்." பக்கத்தில் இருந்த நான்கு பேர் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

முதலில் வந்து படுத்தவர் நாமக்கல் லாரி டிரைவர் தாத்தா. "ராத்திரி ராத்திரியா வண்டி ஓட்டுனவனுங்க நானு. ஊசியப் பாத்தா மட்டும் கை நடுங்குது." டாக்டர் சிரித்தார். "அப்ப ஊசியப் பாக்காதீங்க. நேரா மேல இருக்கிற விட்டத்தப் பாருங்க, போதும்." வேடிக்கைக்காகச் சொன்னது அல்ல. முன்பெல்லாம் மூக்குப் பக்கமாக மேலே பார்க்கச் சொல்லித்தான் ஊசி போடுவார்களாம். அப்படிப் பார்க்கும்போது பார்வை நரம்பு ஊசியின் வழிக்கு நெருங்கி வருகிறது என்று 1981இல் ஸ்கேன் எடுத்துக் காட்டிய பிறகுதான் 'நேரா பாருங்க' என்பது வழக்கமானது.

ஊசி போட்டு முடிக்கக் கொஞ்ச நேரம்தான் ஆனது. அடுத்து நடப்பதை நீங்கள் பார்க்க வேண்டும்! மூடிய இமை மேல் பஞ்சை வைத்து, உள்ளங்கையால் சிஸ்டர் அமுக்குகிறார், விடுகிறார், மறுபடி அமுக்குகிறார். மருந்து பரவவும் கண்ணின் அழுத்தம் இறங்கவும் இந்தக் கைவேலை. ஏசி ஓடுகிற அறையிலும் அவர் நெற்றியில் வியர்வை. கையை மாற்றிக்கொண்டே, "பேரன் என்ன படிக்கிறான் தாத்தா?" என்று விசாரிக்கிறார். பாதி பயம் அந்தக் கேள்வியிலேயே கரைந்துவிடுகிறது.

சில நிமிடம் கழித்துப் பஞ்சை எடுத்தார். "மேல பாருங்க." கண் அசையவில்லை. "கீழ பாருங்க." அசையவில்லை. "பாத்துட்டுத்தானுங்க இருக்கறேன்!" என்றார் தாத்தா, கோபமாக. அவர் பார்ப்பதாகத்தான் நினைக்கிறார். கண்ணோ அப்படியே நிற்கிறது. எனக்குப் புல்லரித்துவிட்டது. சிஸ்டருக்கு இது தினப்படி வேலை. "பிளாக் நல்லாப் புடிச்சிருச்சு" என்று சீட்டில் ஒரு டிக் போட்டார்.

இந்த மரப்புக்கு ஒரு கதை உண்டு, கேளுங்கள். தஞ்சையில் மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்தில் கண் சிகிச்சைக் குறிப்புகளைக் கண்ணின் ஓவியங்களோடு எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தச் சிகிச்சையெல்லாம் கண்ணை மரக்கச் செய்யாமலேதான். மன்னர் மறைந்தது 1832இல். கண்ணை மரக்கச் செய்யும் மருந்து வந்ததோ 1884இல்! வியன்னாவில் கார்ல் கோலர் என்ற 26 வயது டாக்டர், கொக்கெய்ன் கரைசலைத் தவளைக் கண்ணிலும் முயல் கண்ணிலும் விட்டுப் பார்த்தார். கடைசியில் தன் கண்ணிலேயே விட்டு, குண்டூசியால் தொட்டுப் பார்த்தார். வலிக்கவில்லை! ஹைடல்பெர்க் மாநாட்டுக்குப் போகக் கையில் காசில்லை. செப்டம்பர் 15 அன்று அவர் கட்டுரையை வேறொரு டாக்டர்தான் அங்கே வாசித்தார். இன்று கொக்கெய்ன் இல்லை. அந்த இடத்தில் லிக்னோகெய்ன் மாதிரியான மருந்துகள்.

எல்லாருக்கும் ஊசிதான் என்றும் இல்லை. ஆத்தூர்க்காரர் ஒருவருக்கு வெறும் சொட்டு மருந்தே போதும் என்று டாக்டர் முடிவு செய்தார். அதில் வலி தெரியாது, ஆனால் கண் அசையும். சொன்னபடி விளக்கையே பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டும். கூர்மையில்லாத மழுங்கிய குழாயால், கண்ணின் மேலுறைக்கு அடியில் மருந்து செலுத்துகிற இன்னொரு வழியும் இருக்கிறது.

தியேட்டருக்குள் இரண்டு மேசை. ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்ததில் அடுத்தவர் தயார். மதுரையில் 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இந்த முறையைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியது. கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, இந்த சிஸ்டர் செய்கிற மாதிரியான வேலைகளில் அமர்த்தியது. சேலத்திலும் அதற்குக் கிளை உண்டு.

லாரி தாத்தாவின் முகத்தை நீலத் துணி மூடியிருக்கிறது. "வலிக்குதுங்களா?" என்றார் டாக்டர். தாத்தா 'இல்லை' என்று தலையாட்டப் போக, சிஸ்டரின் இரண்டு கைகளும் பாய்ந்து தலையைப் பிடித்துக்கொண்டன! "வாயால சொல்லுங்க தாத்தா, தலைய ஆட்டாதீங்க!" துணிக்கு அடியிலிருந்து, "சரிங்க."

வீட்டுப் பெரியவர்களை ஆபரேஷனுக்குக் கூட்டிப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இருமல், சளி இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அந்த மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். எந்த வழியில் மரப்பு கொடுப்பது என்பதை இதையெல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.