ஊர் அணியின் கோப்பைக்கே முதல் மரியாதை

கூடைப்பந்தில் நாட்டுக்காக வெல்லும் பட்டம் பெரிதா, கிளப்புக்காக வெல்லும் பட்டம் பெரிதா? 2023 உலகக் கோப்பையை ஜெர்மனி தூக்கியது; அமெரிக்காவுக்குக் கிடைத்தது 4-ஆம் இடம். அதற்காக அமெரிக்க ரசிகர்கள் பெரிதாகக் கலங்கவில்லை. அவர்களுக்கு என்.பி.ஏ. பட்டம்தான் உச்சம். நம் கணக்கு நேர்மாறானது. 2014 ஜூலையில் வூஹானில் சீனாவை 65-58 என இந்தியா வீழ்த்தியதை இன்றும் மகிழ்ந்து பேசுகிறோம். அதே ஆண்டு நம் கிளப்புகள் மோதும் ஃபெடரேஷன் கோப்பை யாருக்குப் போனது என்று கேட்டால், விளையாட்டுப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர்கூட விழிப்பார். இந்த மதிப்பீடு நம் ஆட்டத்துக்கு நல்லதல்ல. இந்தியா ஆசிய அளவில் நிலைத்து வெல்ல வேண்டுமானால், முதலில் உயர வேண்டியது கிளப் பட்டத்தின் மதிப்பு.

இதற்கு அர்ஜென்டினாவைவிட நல்ல சான்று இல்லை. அங்கே ஆட்டம் பெரும்பாலும் தலைநகரைச் சுற்றியே கிடந்தது. லியோன் நய்னுடெல் என்ற பயிற்சியாளர் விடாமல் போராடியதால் 1980-களின் நடுவில் தேசிய லீக் பிறந்தது. உட்பகுதிச் சிற்றூர்களின் கிளப்புகளும் தலைநகர் அணிகளோடு சரிசமமாக மோதின. பஹியா பிளாங்கா என்ற துறைமுக நகரத்துப் பையன் மனு ஜினோபிலி அந்த லீக்கில்தான் தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்கினார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் அரையிறுதியில் அவர் ஆடிய அர்ஜென்டினா அணி 89-81 என்று அமெரிக்காவைத் தோற்கடித்து, பிறகு தங்கமும் வென்றது. கொடியின் பெருமை மட்டும் அந்தத் தங்கத்தைத் தந்திருக்காது; சிற்றூர்க் கிளப்புகள் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இட்ட உரம் அது.

நம் வீரர்களுக்குச் சோறு போடுவதும் கிளப் ஆட்டம்தான். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐ.சி.எஃப்., ரயில்வே போன்ற அணிகள் தரும் வேலையை நம்பித்தான் ஒருவர் முப்பது வயதைத் தாண்டியும் பந்தைத் தொடுகிறார். 9 ஆசியச் சாம்பியன்ஷிப்புகளில் ஆடி, 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரை தெற்கு ரயில்வே ஊழியர். தேசிய முகாம் சில வாரங்களில் முடிந்துவிடும். ஆண்டு முழுக்க ஆட்டக்காரரை ஆட்டக்காரராக வைத்திருப்பது வேலை தரும் இந்தத் துறை அணி.

நம் கிளப் போட்டிகள் சில நாள்களில் முடிகின்றன, அதே சில அணிகளே மாறி மாறி வெல்கின்றன, அந்தக் கோப்பைக்கு என்ன கௌரவம் என்று கேட்பார்கள். குறை உண்மைதான். ஆனால் பெரியகுளம் போன்ற சிறிய ஊர் பல பத்தாண்டுகளாக அகில இந்தியப் போட்டி நடத்திக் கூட்டத்தைக் கூட்டுகிறதே! வங்கியின் பெயருக்குக் கைதட்டுவதைவிட ஊரின் பெயருக்குக் கைதட்டுவது மக்களுக்கு எளிது. தேசிய ஜெர்சி எல்லோரையும் ஒன்றாக்கும் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் முத்தாண்டிக்குப்பத்துப் பிள்ளைக்கு அந்த ஜெர்சி தொலைக்காட்சியில் மட்டுமே தெரியும். பக்கத்து நெய்வேலி நகரியத்தின் பெயரில் ஓர் அணி சொந்த கோர்ட்டிலும் வெளியூரிலும் சீசன் முழுக்க ஆடினால், அதை நேரில் போய்ப் பார்க்கலாம். ஒருநாள் அதில் இடமும் கேட்கலாம். நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யின் நிர்வாகமும் தமிழ்நாடு கூடைப்பந்துக் கழகமும் இப்படி ஊர்களின் பெயரால் ஒரு லீக் தொடங்க முன்வர வேண்டும்.