முட்டை போடாத கோழியை அவசரப்பட்டு விற்காதீர்கள்!

(தங்கவயல் நிருபர்)

"பத்து நாளாச்சு. இந்தக் கறுப்புக் கோழி ஒரு முட்டை கூடப் போடலே. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையிலே கொடுத்துடுங்க" என்றாள் என் மனைவி.

நாங்கள் குடியிருப்பது தங்கவயலில், பழைய சுரங்கத் தொழிலாளர் லைன் வீடு. கொல்லையில் ஆறு நாட்டுக் கோழிகள். காலையில் ரெயில்வே வேலைக்குப் போனால் நான் திரும்புவது இரவில்தான். கோழிகள் அவள் பொறுப்பு. அதனால் மறு பேச்சு இல்லாமல் தலையாட்டினேன்.

தட்டி வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஆயாவின் காதில் இது விழுந்துவிட்டது. ஆயாவின் கணவர் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001-ல் சுரங்கம் மூடப்பட்டது. மகன் பெங்களூரில் வேலை தேடிக்கொள்ளும் வரை அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது முட்டை விற்ற காசில்தான். கோழி விஷயத்தில் ஆயா சொன்னால் எங்கள் லைனில் அப்பீல் கிடையாது.

மூன்று விரல் கணக்கு

கோழியை வாங்கி, வாலைத் தூக்கி, விரலை வைத்துப் பார்த்தார் ஆயா. முட்டை வரும் வழியின் அருகே இரண்டு எலும்பு முனைகள் கையில் தட்டுப்படும். முட்டை போடுகிற கோழிக்கு அவற்றின் நடுவே இரண்டு, மூன்று விரல்கள் வைக்க இடம் இருக்கும். போடாத கோழிக்கு ஒரு விரல் வைப்பதே கஷ்டம்.

"மூணு விரல் போவுதுப்பா. இது போட்டுக்கிட்டுத்தான் இருக்கு. எங்கேயோ ஒளிச்சு வைக்குது. கறிக்கடைக்குப் போகாதே, கோழி பின்னாலே போ!" என்றார்.

மறுநாள் எனக்கு விடுமுறை. காலை பத்து மணி வரை அடைத்து வைத்துவிட்டுத் திறந்து விட்டேன். கோழி நேராகப் போனது, தெருக்கோடியில் கிடந்த பழைய தகரக் குவியலுக்கு. அடியில் கையை விட்டால், பதினோரு முட்டைகள்!

குற்றம் எங்களுடையதுதான். நாங்கள் வைத்திருந்த பெட்டியில் வெயில் அடித்தது. ஒரு மாதமாக வைக்கோல் மாற்றவில்லை, செள்ளு பிடித்திருந்தது. கோழிக்கு இருட்டும் மறைவும் வேண்டும். மூலையில் ஒரு கூடை, காய்ந்த வைக்கோல், கரியால் கோடு போட்ட அடையாள முட்டை ஒன்று. இவ்வளவுதான் செலவு. கோழி பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

தினம் ஒன்று கேட்கலாமா?

ஒரு முட்டை உருவாக ஒரு நாளைக்குச் சற்றுக் கூடுதலாகவே ஆகிறது. ஓடு கட்டுவதற்கு மட்டும் சுமார் 20 மணி நேரம் பிடிக்கும். அதனால் இன்று எட்டு மணிக்குப் போட்ட கோழி நாளை ஒன்பதுக்குப் போடும். நேரம் இப்படித் தள்ளிக்கொண்டே போய், நடுவில் ஒரு நாள் ஓய்வு விழும். நாட்டுக் கோழி பத்துப் பதினைந்து முட்டை போட்டதும் அடைக்கு உட்காரும். வருடத்துக்கு 50, 60 கிடைத்தால் லாபம். 300 முட்டை போடும் பண்ணை லெகார்ன் கோழியோடு இதை ஒப்பிடுவது அநியாயம்.

இறகு உதிரும் காலத்தில் முட்டை நின்றுவிடும். பகல் குறுகும் மார்கழியிலும் குறையும். கோடையில் அரை நாள் தண்ணீர் இல்லாவிட்டால் கூட நிற்கும். சேவல் இல்லாததால் நிற்பதில்லை. சேவல் தேவைப்படுவது குஞ்சுக்குத்தான்.

தோல் முட்டை போட்டால் சுண்ணாம்புச் சத்து போதவில்லை என்று சந்தேகப்படுங்கள். எங்கள் கோலார்ப் பக்கத்துக் கேழ்வரகில் அந்தச் சத்து உண்டு. ஆனால் ஓட்டுக்கு அது மட்டும் போதாது. முட்டை ஓட்டைக் காய வைத்து, நன்றாகப் பொடி செய்து தவிட்டில் கலந்து வையுங்கள். முழு ஓடாகப் போட்டால் ருசி கண்டு தன் முட்டையையே கொத்த ஆரம்பித்துவிடும்.

அடைக்கோழியை நிறுத்த மூக்கில் இறகு செருகும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. வேண்டாம் அந்தப் பாவம். அடியில் கம்பிவலை போட்ட கூண்டில், தீனி தண்ணீரோடு மூன்று நான்கு நாள் விட்டால் தானே தெளியும்.

என் சோம்பேறித்தனம்

எங்கள் கறுப்பி அடை உட்கார்ந்தாள். 21-ம் நாள் எட்டுக் குஞ்சுகள்!

"வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து போட்டுடு" என்றார் ஆயா. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு. எட்டு வாரத்தில் இறக்கையில் ஊசி. விசாரித்தேன். ஒரே குப்பியில் நூறு கோழிக்கு மருந்து. கலக்கினால் ஓரிரு மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டும். எட்டுக் குஞ்சுக்கு ஒரு குப்பியா என்று கணக்குப் பார்த்துத் தள்ளிப் போட்டேன்.

சித்திரையில் நோய் வந்தது. கழுத்து முறுக்கிக்கொண்டு, நான்கே நாளில் குஞ்சுகள் எல்லாம் போயின. கறிக்கடையில் இருந்து தப்பிய கறுப்பியும் போய்விட்டாள். என் மனைவி என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை.

இப்போது எங்கள் லைனில் பதினெட்டு வீடுகள் சேர்ந்து ஒரு குப்பி வாங்குகிறோம். ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டு வருவது என் வேலை. இருட்டியதும், கோழிகள் கூண்டில் அடைந்த பிறகு, வீடு வீடாகப் போகிறோம். டார்ச் பிடிப்பது ஆயா.