உங்களுக்குத் தெரியுமா?

சூதாட்டம் ஒருவரைப் பிடித்து ஆட்டுகிறதா என்பதை அறிய இரண்டே கேள்விகள் கொண்ட ஒரு வினாப்பட்டியல் உண்டு!

அதற்கு முன், 1987-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் லெசியரும் புளூமும் வெளியிட்ட பட்டியலில் மதிப்பெண்ணுக்குரிய கேள்விகள் 20. அவற்றில் 9, பணத்தை எங்கே புரட்டினீர்கள் என்பதைப் பற்றியவை: வீட்டுச் செலவுப் பணமா, உறவினரிடமா, கந்துவட்டிக்காரரிடமா? 1997-இல் வேறொரு குழு, அந்தப் பட்டியலை விட்டு, சூதாட்ட நோயைக் கண்டறியும் மருத்துவ அளவுகோல்களின் அடிப்படையில் அமைந்த கேள்விகளுக்குச் சூதாட்டத்தால் பாதிக்கப்பட்டவர்கள் சொன்ன பதில்களை மற்றவர்களின் பதில்களோடு ஒப்பிட்டு, இருதரப்பையும் நன்றாகப் பிரித்துக் காட்டிய இரண்டை மட்டும் எடுத்தது.

பந்தயத் தொகையை மேலும் மேலும் கூட்டத் தோன்றியதா?

எவ்வளவு ஆடினீர்கள் என்று நெருங்கியவர்களிடம் பொய் சொல்ல நேர்ந்ததா?

இரண்டாவது கேள்விதான் ஆளை உலுக்கும். தோற்ற தொகையை வீட்டில் மறைக்கும் வேதனை மறைப்பவருக்குத்தானே தெரியும்! ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் முழுப் பரிசோதனை தேவை.