கடுவனுக்கு வந்த கல்லடைப்பு

காசிமேட்டு மீன் துறைமுகம் அருகிருக்க, இராயபுரத்துப் பூனைகளுக்கு என்ன குறை என்று எண்ணியிருந்தோம். ஒரு நாள் நம் வீட்டுக் கடுவன் பன்முறை குந்தி முக்கியும் சொட்டு நீர் இறங்காது கதறிற்று. மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெயைத் தேடினோம்; அது நமது பேதைமை.

ஆண் பூனையின் நீர்த்தாரை மிகக் குறுகியது. படிகங்கள் அதனை அடைத்துவிட்டால் இரண்டு மூன்று தினங்களில் உயிர் போய்விடும். அப்பொழுது பத்தியம் பார்த்திருத்தல் கூடாது. வேப்பேரியில், 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கோ, அருகிலுள்ள கால்நடை வைத்தியரிடமோ அக்கணமே கொண்டுசெல்ல வேண்டும்.

அடைப்பு நீங்கிய பின்னரே ஆகாரத்தின் வேலை. மக்னீஷியம், அம்மோனியம், பாஸ்பேட் சேர்ந்த ‘ஸ்ட்ரூவைட்’ படிகம் தக்க உணவினால் கரையும். ‘கால்சியம் ஆக்ஸலேட்’ கரையாது. எவ்வகை என்று சோதித்தறியாமல், நீரைப் புளிப்பாக்கும் மருந்துகளைக் கொடுப்பது அபாயம். வைட்டமின் சி-யும் உடலில் ஆக்ஸலேட்டாக மாறக்கூடியதே.

இரு வகைக்கும் பொதுவான ஔஷதம் தண்ணீர். பூனை வறண்ட நிலத்துப் பிராணியின் வழிவந்தது. தாகமெடுத்தாலும் குறைவாகவே குடிக்கும். ஆகையால் கருவாட்டையும் உலர்தீனியையும் குறைத்து, ஈர உணவில் உப்பிடாத மீன் வெந்த நீரை ஊற்றிக் கொடுக்கிறோம். வீட்டில் நாலு இடத்தில் ஜலம் வைக்கிறோம்.

கடுவன் பிழைத்தது. வாயில்லா ஜீவன் உண்டதா என்று மட்டும் பார்த்தல் போதாது, நேயர்களே. நீர் கழித்ததா என்றும் பாருங்கள்.