வலது தண்டவாளம் இடது தண்டவாளத்தைச் சந்திக்கும் இடம்

மாதிரி ரயில் லேஅவுட் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு கட்டத்தில் திரும்பும் லூப் ஒன்று போட ஆசைப்படுவார்கள். ரயில் ஒரு பாயின்ட்டைத் தாண்டிப் போய், வட்டமடித்து, வந்த பாதைக்கே திரும்பி வரும்; ஆனால் எதிர்த்திசையைப் பார்த்தபடி. எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டும் வேலை இல்லை. அனல் மின் நிலையங்களில் நிலக்கரி ரயில்கள் சுற்றி வந்து திரும்பிப் போவதும் இதே வடிவத்தில்தான். பார்க்க அழகு, பொருத்துவதும் சுலபம். மின்சாரம் கொடுத்த உடனே ஷார்ட் சர்க்யூட், அவ்வளவுதான் சிக்கல்.

வயரிங்கில் ஏதோ கோளாறு என்று ஒவ்வொரு இணைப்பாகப் பிரித்துப் பார்ப்பவர்கள் உண்டு. கோளாறு வயரில் இல்லை, வடிவத்தில் இருக்கு. இது புரிந்துவிட்டால், "தானாகத் திருப்பும்" கருவிகள் உண்மையில் என்ன செய்கின்றன, எப்போது கைவிரிக்கும் என்பதும் புரிந்துவிடும்.

இரண்டு பென்சில் போதும்

ஒரு தாளில் நேர்ப்பாதை ஒன்று வரையுங்கள். இடது தண்டவாளம் நீலம், வலது தண்டவாளம் சிவப்பு. பாதை வடக்கே போய் ஒரு பாயின்ட்டில் பிரிந்து, பலூன் மாதிரி சுற்றி, அதே பாயின்ட்டுக்குத் திரும்பி வரட்டும். இப்போது சிவப்பு பென்சிலை எடுக்காமல் சுற்றிக்கொண்டே வாருங்கள். போகும்போது ரயிலின் வலப்பக்கம் கிழக்கு. திரும்பி வரும்போது அதே ரயிலின் வலப்பக்கம் மேற்கு. அதனால் சிவப்புக் கோடு சுற்றி வந்து நீலக் கோட்டில் போய் முட்டும். எப்படி வளைத்து வரைந்தாலும் இதுதான் நடக்கும்.

இரண்டு தண்டவாளத்தில் ஓடும் மாதிரி ரயிலுக்கு ஒரு தண்டவாளம் பாசிடிவ், இன்னொன்று நெகடிவ். சிவப்பும் நீலமும் முட்டினால் பாசிடிவும் நெகடிவும் முட்டியதாக அர்த்தம்.

அப்படியென்றால் நிஜ மின்சார ரயில் எப்படித் திரும்புகிறது? அங்கே 25,000 வோல்ட் மேலே கம்பியில் வருகிறது. திரும்பிப் போகும் மின்னோட்டத்துக்குத் தண்டவாளங்கள். இழுவைக்கான மின்சாரத்தைப் பொறுத்தவரை இடது, வலது என்ற பேதம் இல்லை. மார்க்லின் நிறுவனத்தின் எச்ஓ ரயில்களிலும் அப்படித்தான்: பாதையின் நடுவே வரும் மூன்றாவது கடத்தி ஒரு முனை, பக்கவாட்டுத் தண்டவாளங்கள் இரண்டும் சேர்ந்து இன்னொரு முனை. அங்கே லூப் போட்டால் எதுவும் முட்டாது. வலமும் இடமும் வெவ்வேறு என்று நாம் முடிவு செய்த இடத்தில்தான் பிரச்சினை ஆரம்பிக்கிறது.

ஒளிந்திருக்கும் லூப்கள்

பலூன் வடிவம் கண்ணுக்குத் தெரியும். வேறு சில தெரியாது. முக்கோணச் சந்தி ஒரு திரும்பும் பாதை. எஞ்சினைச் சுழற்றும் டர்ன்டேபிளின் பாலம் 180 பாகை திரும்பினால் அதுவும் அப்படியே. நீள்வட்டப் பாதைக்கு நடுவே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் குறுக்குப்பாதை போட்டாலும் பல சமயம் திரும்பும் பாதைதான்.

கண்டுபிடிக்க எளிய சோதனை இருக்கு. வரைபடத்தில் ஓரிடத்தில் விரலை வைத்து முன்னோக்கி மட்டும் நகர்த்துங்கள். பின்னால் வரக் கூடாது. கிளம்பிய இடத்துக்கே எதிர்த்திசையைப் பார்த்தபடி வந்து சேர முடிந்தால், வழியில் எங்கேயோ ஒரு திரும்பும் பகுதி இருக்கிறது. ஒரு தண்டவாளத்தைக்கூட வெட்டுவதற்கு முன்பே பண்ண வேண்டிய சோதனை இது.

எங்கே வெட்டுவது, எவ்வளவு நீளம்?

ஷார்ட்டைத் தவிர்க்க லூப்பில் ஒரு துண்டைத் தனியாக்க வேண்டும். இரண்டு முனைகளிலும், ஒவ்வொரு முனையிலும் இரண்டு தண்டவாளங்களையும் வெட்ட வேண்டும். மொத்தம் நான்கு வெட்டு. ஒரே முனையில் மட்டும் வெட்டினால், ரயில் நிற்கும்போது ஷார்ட் இருக்காது. ஆனால் உலோகச் சக்கரம் அந்த இடைவெளியைத் தாண்டும் கணத்தில் பாசிடிவையும் நெகடிவையும் இணைத்துவிடும். துண்டு முழுக்கத் தனியாக இருந்தால்தான் அதன் முனைகளை நாம் விரும்பியபடி மாற்ற முடியும்.

நுழையும்போது அந்தத் துண்டு ஒரு முனையோடு ஒத்துப்போக வேண்டும், வெளியேறும்போது மறுமுனையோடு. இரண்டோடும் ஒரே நேரத்தில் ஒத்துப்போகவே முடியாது. ஆகவே ரயில் முழுக்க உள்ளே இருக்கும்போதே மாற்றி முடிக்கணும். இதிலிருந்து வருவதுதான் நீளக் கணக்கு. 22 மீட்டர் நீளமுள்ள நிஜப் பெட்டி எச்ஓ அளவில், அதாவது 1:87 விகிதத்தில், சுமார் 25 செ.மீ. வரும். எட்டுப் பெட்டியும் ஒரு எஞ்சினும் சேர்ந்தால் ஏறக்குறைய 2.2 மீட்டர். 36 செ.மீ. ஆரமுள்ள முழு வட்டத்தின் சுற்றளவே சுமார் 2.26 மீட்டர்தான், வெட்டுகள் பாயின்ட்டுக்கு உள்ளே தள்ளி வருவதால் அது பத்தாது. 45 செ.மீ. ஆரம் என்றால் 2.8 மீட்டர் கிடைக்கும், தாராளம். பெட்டிகளுக்கு பிளாஸ்டிக் சக்கரம் என்றால் அவை கணக்கில் வராது. உலோகச் சக்கரமோ, உள்ளே விளக்கு எரிய மின்சாரம் எடுக்கும் பெட்டியோ இருந்தால் கட்டாயம் வரும்.

டிசியில்: திசை தண்டவாளத்தில் இருக்கிறது

பழைய டிசி முறையில், வலது தண்டவாளம் பாசிடிவ் ஆனால் எஞ்சின் முன்னே போகும் என்பது விதி. முனைகளை மாற்றினால் பின்னே வரும். அதாவது திசை என்ற தகவல் தண்டவாளத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே லூப்புக்குள் ரயில் இருக்கும்போது லூப்பின் முனைகளை மாற்றினால் ரயில் அங்கேயே பின்வாங்கும். மாற்ற வேண்டியது லூப்பை அல்ல, வெளியே இருக்கும் முதன்மைப் பாதையை.

இதற்கு ஒரு சின்ன, அழகான ஏற்பாடு உண்டு. முதன்மைப் பாதையிலிருந்து ஒரு டையோடு பிரிட்ஜ் வழியாக லூப்புக்கு மின்சாரம் கொடுங்கள். பிரிட்ஜின் ஏசி கால்கள் இரண்டும் முதன்மைப் பாதைக்கு. பாசிடிவ், நெகடிவ் கால்கள் லூப்புக்கு. வெளியே முனைகள் எப்படி மாறினாலும் லூப்புக்குள் மாறாது. ரயில் அதில் எப்போதும் ஒரே பக்கமாகத்தான் சுற்றும். அது உள்ளே இருக்கும்போது பாயின்ட்டையும் முதன்மைப் பாதையின் முனைகளையும் மாற்றிவிட்டால், ரயில் தங்குதடையின்றி வெளியே வரும். டையோடுகளில் சுமார் 1.4 வோல்ட் போய்விடும் என்பதால் லூப்பில் வேகம் கொஞ்சம் குறையும். லூப்பில் ஒரு சென்சரை வைத்து, பாயின்ட்டையும் முனை மாற்றும் ரிலேயையும் அது இயக்கும்படி செய்தால் தானியங்கி ஆயிற்று. ஆனால் முதன்மைப் பாதையில் அப்போது வேறு ரயில் ஓடினால் அதுவும் சேர்ந்து பின்வாங்கும். டிசி லூப்பின் எல்லை இது.

டிசிசியில்: திசை எஞ்சினுக்குள் போய்விட்டது

டிசிசி என்னும் டிஜிட்டல் முறையில் தண்டவாளத்தில் இருப்பது நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மாறி மாறி வரும் மின்னழுத்தம். '1' என்ற பிட்டுக்கு ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோ நொடி. எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் இதை வாசித்து, "முன்னே போ" என்ற கட்டளையைத் தன் மூக்கு பார்க்கும் பக்கம் போவதாக எடுத்துக்கொள்கிறது. எந்தத் தண்டவாளம் எந்த முனை என்பது அதற்குப் பொருட்டே இல்லை.

இந்த ஒரு மாற்றம்தான் எல்லாவற்றையும் திறந்துவிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் ரயிலுக்கு அடியிலேயே லூப்பின் முனைகளை மாற்றலாம்; ரயிலுக்குத் தெரியவே தெரியாது. மற்ற ரயில்களுக்கும் தொந்தரவு இல்லை. தகவலைப் பொது இடத்தில் வைக்காமல் அதற்கு உரியவரிடமே வைத்தால் மற்றவர்கள் சுதந்திரமாக இயங்கலாம் என்று மென்பொருளில் சொல்வோமே, அதுவேதான் இங்கேயும்.

ஆனால் ஷார்ட் மட்டும் அப்படியே இருக்கிறது. சிவப்பு நீலத்தில் முட்டுவதை டிசிசியும் தடுக்க முடியாது. மாற்றும் வேலையை யாராவது செய்யணும்.

மோதவிட்டுத் திருத்துவது

கடையில் கிடைக்கும் ஆட்டோ ரிவர்சர் பெரும்பாலும் ஷார்ட்டை முன்கூட்டித் தடுப்பதில்லை. சக்கரம் இடைவெளியைத் தாண்டும்போது ஷார்ட் ஆகவிட்டு, மின்னோட்டம் எகிறுவதைக் கவனித்து, சில மில்லிநொடிக்குள் முனைகளை மாற்றிவிடும். ரயில் திணறாது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும்.

இதில் ஒரு பந்தயம் ஒளிந்திருக்கு. டிசிசி பூஸ்டரும் அதே ஷார்ட்டைப் பார்க்கிறது. அதன் வேலை மின்சாரத்தை நிறுத்துவது. ரிவர்சர் முந்தினால் ரயில் ஓடும். பூஸ்டர் முந்தினால் அதில் இருக்கும் எல்லா ரயிலும் நிற்கும். ஆகவே ரிவர்சர் விழித்துக்கொள்ளும் ஆம்பியர் அளவு பூஸ்டரின் அளவைவிடக் குறைவாக இருக்க வேண்டும்; நேரமும் குறைவாக இருக்க வேண்டும். ரிலேயின் உலோக நாக்கு அசைந்து முடிக்கச் சில மில்லிநொடி ஆகும். மாஸ்ஃபெட் வைத்த கருவிகளில் அசையும் பாகமே இல்லாததால் அவை வேகமானவை.

இன்னொரு பக்கமும் உண்டு. பாதையின் இணைப்புகள் தளர்ந்து, ஷார்ட் ஆகும் பாதையில் 5 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 15 வோல்ட்டில் அதிகபட்சம் 3 ஆம்பியர்தான் பாயும். ரிவர்சர் 4 ஆம்பியருக்குக் காத்திருந்தால் அது விழிக்கவே விழிக்காது, 5 ஆம்பியர் பூஸ்டரும் விழிக்காது. 45 வாட் வெப்பம் மட்டும் தளர்ந்த இணைப்பிலும் சக்கரத்திலும் இறங்கிக்கொண்டிருக்கும். பிளாஸ்டிக் ஸ்லீப்பர் உருக அது தாராளமாகப் போதும். இதனால்தான் நாணயச் சோதனை என்று ஒன்றை வலியுறுத்துகிறார்கள்: லேஅவுட்டின் ஒவ்வொரு பகுதியிலும் உலோக நாணயத்தைத் தண்டவாளங்களுக்குக் குறுக்கே வையுங்கள். பாதுகாப்பு உடனே வேலை செய்யணும். செய்யாத இடத்தில் முதலில் தடித்த வயரும் சால்டர் வைத்த இணைப்பும் வேணும், ரிவர்சர் அப்புறம்.

ரயில் துண்டைவிட நீளமாகி இரு முனை வெட்டுகளையும் ஒரே நேரத்தில் சக்கரங்கள் தொட்டால், ரிவர்சர் எப்படி மாற்றினாலும் ஒரு முனையில் ஷார்ட். அது மாறி மாறித் துடித்து, கடைசியில் பூஸ்டர் நின்றுபோகும். இரண்டு ரிவர்சர் பகுதிகளை ஒட்டி ஒட்டி வைத்தாலும் இதே கதிதான்: இரண்டும் ஒரே ஷார்ட்டைப் பார்த்து ஒன்றாக மாறும், ஷார்ட் அப்படியே இருக்கும். நடுவில் சாதாரணப் பாதை கொஞ்சம் விடுங்கள்.

முன்பே சொல்லிவிடுவது

டிசிசியில் எனக்குப் பிடித்த வழி இன்னும் எளியது. பாயின்ட் மோட்டாரோடு இணைந்து இயங்கும் இரட்டைச் சுவிட்ச் ஒன்றால் லூப்பின் முனைகளைத் தீர்மானிப்பது. பாயின்ட் இடது கிளைக்கு இருந்தால் லூப் இடது முனையோடு ஒத்திருக்கும். வலது கிளைக்கு மாறினால் வலது முனையோடு. ரயில் உள்ளே இருக்கும்போது எப்படியும் பாயின்ட்டை மாற்றியே ஆக வேண்டும். அந்த ஒரே செயலில் மின்முனையும் மாறிவிடும். ஷார்ட் நடப்பதே இல்லை, சக்கரத்தில் பொறியும் கரியும் இல்லை, பூஸ்டரோடு பந்தயமும் இல்லை.

பாயின்ட்டை மாற்ற மறந்தால் மட்டும் ஷார்ட் ஆகும். ரயிலே தள்ளித் திறக்கும் ஸ்பிரிங் பாயின்ட் என்றால் இந்த வழி உதவாது. அங்கே ரிவர்சர் வேணும், அல்லது லூப்பின் இரு முனைகளிலும் ரயில் வருவதை முன்கூட்டியே உணரும் சென்சர் வேணும்.

டிசிசி வைத்திருந்து, பாயின்ட்டுக்கு மோட்டார் இருந்தால், முதலில் அந்தச் சுவிட்சை முயற்சி செய்யுங்கள். பல ரயில்கள் பல பக்கமிருந்து வந்து போகும் லேஅவுட் என்றால் ரிவர்சருக்குச் செலவு செய்வதில் தப்பில்லை. டிசி என்றால் டையோடு பிரிட்ஜும் ஒரே ஒரு ரயிலும். எதுவாக இருந்தாலும் முதலில் அந்த இரண்டு கலர் பென்சிலால் உங்கள் லேஅவுட்டை ஒரு தடவை வரைந்து, நான்கு வெட்டுகளும் எங்கே வரும் என்று குறித்துவிட்டு ரம்பத்தை எடுங்கள்.